தஞ்சாவூர் அரண்மனையும் 363-ஆம் பிரிவும்

மைசூர் அரச குடும்பத்துக்கும் கர்நாடக அரசுக்கும் இடையே நடக்கும் பெங்களூர் அரண்மனை வழக்குச் செய்தி எப்போது வந்தாலும் கீழே கருத்துப் பகுதியில் ஒரே சண்டைதான். "அரச குடும்பத்துச் சொத்தை அரசாங்கம் அடித்துப் பிடுங்குகிறது" என்று ஒரு கூட்டம். "மக்கள் வரிப்பணத்தில் கட்டியதில் இவர்களுக்கு என்ன பங்கு" என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தச் சொத்து மக்கள் பணத்தில் வந்தது, எது அந்தக் குடும்பம் கைக்காசு போட்டு வாங்கியது என்று உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். அந்த விசாரணைக்கான கதவை இந்த நாட்டில் இரண்டு தடவை சாத்தியிருக்கிறார்கள். முதல் தடவை சாத்தியது தஞ்சாவூருக்காக, இரண்டாவது தடவை அரசியலமைப்பின் 363-ஆம் பிரிவால்.

1799-ல் தஞ்சையின் மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். நாட்டு நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்குப் போனது. கோட்டை, அதற்குள் அரண்மனை, வருஷாவருஷம் ஒரு தொகை, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு, இவ்வளவும் ராஜாவுக்கு. அதற்குப் பிறகு அவர் நாடாளவில்லை. கையில் வந்த பணத்தில் புத்தகம் வாங்கினார், சுவடி சேர்த்தார். சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கும் பழைய ஐரோப்பியப் புத்தகங்கள் பலவற்றில் இன்றும் அவர் கையெழுத்தைப் பார்க்கலாம். வாங்கியவர் தன் பெயரை எழுதி வைத்த பொருள் அவருடைய பொருள் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவ்வளவுதான், தஞ்சை அரசு முடிந்துவிட்டது என்று கம்பெனி அறிவித்தது. மறு வருஷம் அக்டோபரில் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரி சிப்பாய்களோடு அரண்மனைக்குள் நுழைந்தார். அறைகளுக்கு முத்திரை வைத்தார்கள், வாசலில் காவல் போட்டார்கள். நகை, ஆயுதம், நிலம், பாத்திரம் பண்டம் எல்லாம் கம்பெனி வசம். ராஜாவின் விதவைகள் உள்ளேயே இருந்தார்கள். புருஷன் விட்டுப்போன எதையும் தொட அவர்களுக்கு உரிமை இல்லை.

மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னையில் அப்போதிருந்த சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனி மீதே வழக்குப் போட்டார். அவருடைய வாதத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், அதில் ஓட்டையே இல்லை. ராஜ்யத்தை எடுத்துக்கொண்டீர்கள், சரி. என் கணவரின் சொந்தச் சொத்தை எந்தக் கணக்கில் எடுத்தீர்கள்? இந்துச் சட்டப்படி அதற்கு வாரிசு நான்தானே? சென்னை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி லண்டனுக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இடையில் 1857 கலகம் வந்து கம்பெனி ஆட்சியே போய்விட்டது. வழக்கு மட்டும் போகவில்லை. கம்பெனி இருந்த இடத்தில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் வந்து நின்றார்.

1859 ஜூலையில் லார்ட் கிங்ஸ்டவுன் தீர்ப்பை வாசித்தார். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ராஜாவின் சொத்தைக் கைப்பற்ற கம்பெனிக்குச் சட்டப்படி என்ன உரிமை இருந்தது என்பதை இந்தக் காகிதங்களில் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்று அந்த நீதிபதிகளே ஒத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு, இது ஓர் அரசு தன் அதிகாரத்தால் செய்த காரியம், நியாயமோ அநியாயமோ அதை எடைபோட எங்களுக்கு இடமில்லை என்கிறார்கள். தவறே நடந்திருந்தாலும் அதற்குப் பரிகாரம் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாதாம். காமாட்சி பாய் தோற்றார்.

1862-ல் அரசாங்கம் அந்தச் சொத்துகளை விதவைகளுக்கே திருப்பிக் கொடுத்தது. உரிமை என்று கொடுக்கவில்லை, தயவாகக் கொடுத்தது. தனக்குச் சொந்தமானதையே பிச்சை போல வாங்க வேண்டியிருந்த அந்தப் பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அதே சமயம் மக்களுக்கும் ஒரு நஷ்டம் நடந்தது, அதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

தஞ்சை அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர்கள் நாயக்கர்கள், 16-ஆம் நூற்றாண்டில். ஏகோஜி 1676 வாக்கில் தஞ்சையைப் பிடித்தபோது அரண்மனையும் நாட்டோடு சேர்ந்து மராத்தியர் கைக்கு வந்தது. யாரும் யாருக்கும் உயில் எழுதவில்லை, கிரயம் செய்யவில்லை. சிம்மாசனத்தில் யார் உட்காருகிறாரோ அவர் அங்கே குடியிருப்பார், அதுதான் ஏற்பாடு. அந்தத் தர்பார் மண்டபமும் மணி கோபுரமும் காவிரிப் படுகையின் நெல்லில் எழுந்தவை. ஆக, சரபோஜியின் புத்தகம் வேறு, சரபோஜியின் மண்டபம் வேறு. ஒன்று குடும்பத்துக்கு, இன்னொன்று நாட்டுக்கு என்று அன்றைக்கே ஒரு நீதிமன்றம் பிரித்திருக்கலாம். கேட்டது ராணியும் அரசாங்கமும் மட்டும். நெல் விளைவித்தவன் அந்த வழக்கில் ஒரு கட்சியாகக்கூட இல்லை.

இரண்டாவது தடவை கதவைச் சாத்தியது நாமே. சுதந்திரத்துக்குப் பிறகு 550-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது, எவை தங்கள் சொந்தச் சொத்து என்று அரசர்கள் பட்டியல் கொடுத்தார்கள். டில்லியோடு பேசி அந்தப் பட்டியல்கள் முடிவாயின. தகராறு வந்தால் மத்திய அரசு நியமிக்கும் ஒருவர் தீர்ப்பார் என்று ஒப்பந்தங்களில் எழுதினார்கள். நாட்டை ஒன்றாக்கும் அவசரம் எனக்குப் புரிகிறது. கையெழுத்து வாங்குவதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததும் புரிகிறது. ஆனால் அப்புறம் அரசியலமைப்பில் 363-ஆம் பிரிவையும் வைத்தார்கள். அந்த ஒப்பந்தங்களிலிருந்து எழும் தகராறு எதையும் எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது அது. 1859-ல் லண்டன் சொன்னதை 1950-ல் நாமே நமக்கு எழுதிக்கொண்டோம்.

1971-ல் 26-ஆவது திருத்தம் வந்து மன்னர் மானியமும் பட்டங்களும் ஒழிந்தன. 363 அப்படியே இருக்கிறது. அது குடும்பங்களைக் காக்கும் கவசம் என்று நினைத்துவிட வேண்டாம், எந்தப் பக்கமும் வெட்டும். ஜெய்ப்பூரில் பழைய சட்டமன்றம் நடந்த டவுன் ஹாலைத் திரும்பக் கேட்டு அரச குடும்பம் வழக்குப் போட்டது. 2025-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் வழக்கு நிற்காது என்றது. இப்போது அது உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அந்தக் கட்டடம் மக்களிடம் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "உள்ளே வராதே" என்று சொல்லிக் கிடைக்கும் வெற்றியில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கு அதே வார்த்தையை நம்மைப் பார்த்துச் சொல்வார்கள்.

பெங்களூருக்கு வருகிறேன். அந்த அரண்மனை ஜான் காரெட் என்ற பாதிரியாரிடமிருந்து மைசூர் அரசருக்காக விலைக்கு வாங்கியது. தஞ்சாவூர் மாதிரி நாட்டோடு கைமாறி வந்ததில்லை. அதனால் குடும்பத்தின் வாதத்துக்கு அங்கே கொஞ்சம் வலு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1996-ல் கர்நாடகம் சட்டம் போட்டு 472 ஏக்கரை 11 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இத்தனை வருஷமாக நிற்கிறது. நடுவில் சாலையை அகலப்படுத்த அதிலிருந்து சுமார் 15 ஏக்கர் தேவைப்பட்டபோது, அதற்கு மட்டும் 3,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கட்டட உரிமைகள் (வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமை) கொடுக்க வேண்டிய நிலை வந்தது. மொத்தத்துக்கும் 11 கோடி, ஓர் ஓரத்துக்கு 3,000 கோடி! எது யாருடைய சொத்து என்ற முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டால் வருஷம் போகப் போக மக்கள் தலையில் ஏறும் கடன் இது. மைசூர் அரண்மனைக்கும் 1998-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அதன் கதையும் கோர்ட் வாசலில்தான்.

"அரசாங்கத்திடம் கொடுத்தால் வௌவால்தான் குடியிருக்கும், குடும்பம் வைத்திருந்தால் ஓட்டலாக்கியாவது காப்பாற்றும்" என்பார்கள். பராமரிப்பு மோசம் என்பது உண்மை, அதற்காகச் சண்டை போட வேண்டும். ஆனால் நன்றாகக் கூட்டிப் பெருக்குகிறவனுக்கே வீட்டை எழுதி வைக்கும் சட்டம் எங்கும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தும், அரண்மனை இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையிடம்தான். அங்குள்ள மர வேலைப்பாட்டையும் கண்ணாடி மாதிரி மின்னும் கருந்தரையையும் பார்த்தவர்கள், அரசுத் துறைக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். புதுக்கோட்டையில் தொண்டைமானின் புது அரண்மனைதான் இன்று கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை காலையில் பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுவோடு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். அரண்மனையை இதைவிட நன்றாகப் பயன்படுத்த முடியாது என்பேன். சரஸ்வதி மகாலும் 1918-ல் பொது நூலகமானதால்தான் யார் வேண்டுமானாலும் போய் அந்தச் சுவடிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க முடிகிறது.

நான் கேட்பது இரண்டு. அரசர்கள் கொடுத்த சொத்துப் பட்டியல்கள் முழுவதையும், ஏற்றது, மறுத்தது, எந்தக் காரணத்துக்காக என்பதோடு சேர்த்து, ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரு கிராமத்து விவசாயியின் சிட்டா அடங்கலை இணையத்தில் பார்க்க முடிகிற நாட்டில் ஓர் அரண்மனையின் பட்டியலுக்கு மட்டும் திரை எதற்கு? அடுத்து, 363-ல் சொத்துத் தகராறுகளுக்கு மட்டுமாவது விலக்கு வேண்டும். எந்தக் கட்டடம் எந்தக் கஜானாவிலிருந்து எழுந்தது என்று கணக்கேடுகளை வைத்து நீதிமன்றம் பார்க்கட்டும். குடும்பத்துக்குப் போக வேண்டியது குடும்பத்துக்குப் போகட்டும், மீதியை நம் பெயரில் எழுதட்டும். அந்த விசாரணையில் மக்களும் ஒரு கட்சியாக இருக்க வேண்டும், காமாட்சி பாய் வழக்கில் அவர்களுக்குக் கிடைக்காத இடம் அது.