ஆமாம், நாங்கள் பயிற்சிப் புத்தகம் போடுகிறவர்கள்தான்

அந்தக் காணொலியை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன். இனி அனுப்ப வேண்டாம், கைப்பேசியில் இடமில்லை. எந்தக் காணொலி என்று கேட்கிறவர்கள் தாராளமாக அடுத்த பதிவுக்குப் போகலாம்.

“பயிற்சிப் புத்தகம் அச்சடித்து விற்கிறவர்களையெல்லாம் பதிப்பாளர் என்று மேடையேற்றாதீர்கள்.” அந்தக் காணொலியில் மேடையில் பேசியவர் சொன்னது இதுதான். அதற்குக் கைத்தட்டல் வேறு. முன்வரிசையில் தட்டியவர்களில் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவருமே பிள்ளைகள் ஆறாம் ஆண்டு படித்தபோது எங்கள் கடைக்கு வந்து, விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கிப் போனவர்கள்.

சரி, நிதானமாகவே பேசுகிறேன்.

பயிற்சி நூல் போடுகிறவரும் பதிப்பாளர்தான். எழுத ஆள் பிடிக்கிறார், எழுதியதைத் திருத்துகிறார், படம் வரைய வைக்கிறார், நான்கு முறை மெய்ப்பு பார்க்கிறார், கைக்காசைப் போட்டு அச்சடிக்கிறார், விற்காவிட்டால் நட்டத்தைத் தன் தலையில் சுமக்கிறார். இவருக்குப் பதிப்பாளர் என்று பெயரில்லை என்றால் வேறு யாருக்கு? சொந்தக் காசில் முந்நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழாவில் பண உறை வாங்கி முதலைத் திரும்ப எடுத்துவிடுகிறவருக்கா?

எங்கள் தாத்தா இங்கே மலேசியாவில், பினாங்குத் தீவு ஜார்ஜ்டவுனின் பினாங்கு ஸ்திரீட் பக்கம் ஓர் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்து கோர்க்கும் வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் நம் தோட்டப்பள்ளிப் பிள்ளைகள் படித்த புத்தகங்களில் பெரும்பாலானவை மதராஸிலிருந்து கப்பலில் வந்தவை. கணக்கில் அணாவும் பைசாவும் இருக்கும், பாட்டில் காவேரி ஓடும். படிக்கிற பிள்ளை பார்த்ததெல்லாம் ரப்பர் பால்மரமும் வெள்ளிக்காசும். 1956இல் ரசாக் கல்வி அறிக்கை வந்து, எந்த மொழிப் பள்ளியானாலும் பாடம் இந்த நாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றானபோது தாத்தாவுக்கு ஒன்று புரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு காலால் மிதித்து ஓட்டும் ஒரு பழைய டிரெடில் அச்சு மெஷினை வாங்கினார். கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் பாதியை வாடகைக்கு எடுத்தார். முதல் புத்தகம் மூன்றாம் வகுப்புக்கான மனக்கணக்கு. எழுதியவர் ஓர் ஆசிரியர். பள்ளி விட்டதும் சைக்கிளில் வந்து கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் பலகை போட்டு உட்கார்ந்து எழுதுவாராம். ஒரு தொழிலாளி ஒரு நாளில் இத்தனை மரத்தில் பால் வெட்டினால், இத்தனை வெள்ளி சம்பளம் என்று கணக்குகள். அதைப் படித்த பிள்ளை முதல்முறையாகத் தன் அம்மாவைப் புத்தகத்தில் பார்த்தது. இதை நீங்கள் இலக்கியம் என்று சொல்ல வேண்டாம், எனக்கும் அந்த ஆசை இல்லை. பதிப்பு என்றாவது சொல்லலாம் இல்லையா?

1969க்குப் பிறகு சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு, அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கு, வேலை உரிமம் பெரும்பாடு ஆனது. எங்கள் அச்சுக்கோர்ப்பாளர்கள் இருவர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் விட்டுப்போன ஸ்டூலில் அப்பா உட்கார்ந்தார். பதினாறு வயது. படிப்பு அதோடு சரி.

“ஏன் பாடநூல் போடாமல் பயிற்சி நூல் போட்டீர்கள்?” என்று ஒருவர் பின்னூட்டத்தில் புத்திசாலித்தனமாகக் கேட்டிருக்கிறார். ஐயா, 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியே புத்தகத்தை இரவல் கொடுத்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். 2008இல் வருமான வரம்பையும் எடுத்துவிட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதுவும் நல்லதே. ஆனால் கடைக்கு வந்து பாடநூல் வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். சின்ன அச்சகத்துக்கு மிஞ்சியது பயிற்சி நூலும் மாதிரித் தேர்வுத் தாளும்தான். நாங்கள் பேராசையில் அதைப் பிடிக்கவில்லை, எங்களிடம் மிச்சம் வைக்கப்பட்டது அது.

பணம் கொழித்தோம் என்கிறீர்களே, கணக்கு போடுவோம், அதுதானே எங்கள் தொழில். நாட்டில் ஐநூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகள். மாணவர்கள் 80,000க்குப் பக்கம். ஆறு ஆண்டுகளுக்கு வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 13,000 பேர். எல்லாரும் வாங்கமாட்டார்கள், வாங்குகிறவர்களும் எல்லாரும் எங்களிடம் வாங்கமாட்டார்கள். ஒரு தலைப்புக்கு 3,000 அடித்தாலே எங்களுக்குத் தூக்கம் வராது. அதற்குள் கடைக்காரர் கழிவு, எழுதிய ஆசிரியருக்குப் பணம், காகிதம், பைண்டிங், லோரி வாடகை. ஜனவரியில் எடுத்த புத்தகத்துக்கு ஆகஸ்டில் காசோலை. ஆண்டு முடிந்தால் மிச்சம் திரும்பி வரும்.

எங்கள் வீட்டில் வருஷங்களைப் பழைய பேப்பர் லோரியை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கிறோம். 1983இல் தொடக்கப்பள்ளிகளுக்கு கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய பாடத்திட்டம் வந்தது, முதலாம் ஆண்டுப் புத்தகங்களில் தொடங்கி ஒவ்வொரு வருஷமும் ஓர் ஆண்டின் கையிருப்பு எடைக்குப் போனது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள், தமிழில் அடித்து வைத்த கணக்குப் புத்தகங்களை ஏற்ற மறுபடி லோரி வந்தது. பிறகு தாய்மொழிக்கே திரும்பினார்கள், அந்தப் பழைய புத்தகங்களுக்கு நாங்கள் எங்கே போவது? 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். என்று அடுத்த பாடத்திட்டம். 2020 மார்ச் 18இல் ஊரே முடங்கியது, பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. அடுத்த ஏப்ரலில், ஆறாம் ஆண்டு முடிவில் பிள்ளைகள் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வையே எடுத்துவிட்டார்கள். 1988 முதல் எங்களுக்குச் சோறு போட்ட தேர்வு. செய்தி வந்த அன்று ஆறாம் ஆண்டு வழிகாட்டி மூவாயிரம் பிரதி கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. லோரிக்காரர் இப்போது எங்களுக்குக் குடும்ப நண்பர் மாதிரி.

“தேர்வு நூல்தான் பிள்ளைகளைக் கிளிப்பிள்ளை ஆக்கியது” என்கிறீர்கள். இருக்கலாம். தேர்வை நாங்கள் வைக்கவில்லை. ஏழு ஏ எடுத்த பிள்ளையின் படத்தைப் பதாகையில் போட்டு வாசலில் மாட்டியதும் நாங்கள் இல்லை. ஆசிரியர்களுக்குக் கமிஷன் கொடுக்கவில்லையா என்று இன்னொருவர். அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும். ஐந்தாம் ஆண்டு கணித நூலில் விடைப் பக்கத்தில் ஒரு விடை தப்பு. ஒன்றே ஒன்று. கூலிம் பக்கத்துத் தோட்டப்பள்ளி ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். அப்பா அன்று பசியாறவில்லை. திருத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டாக அடித்து, மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறினார். எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் பொய் சொல்லிவிட்டு நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். என் மடியில் பசை டப்பா. பட்டர்வொர்த், கூலிம், சுங்கை பட்டாணி என்று பள்ளி பள்ளியாகப் போய், பிள்ளைகளின் புத்தகங்களை வாங்கி ஒட்டினோம். “இதுக்காகவா கடல் தாண்டி வந்தீங்க?” என்று ஒரு தலைமையாசிரியர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கவிதை நூலில் பிழை இருந்தால் அது புதுக்கவிதை ஆகிவிடும். எங்கள் நூலில் பிழை இருந்தால் ஒரு பிள்ளை சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று நினைத்து அழிக்கும்.

தொழில் நொடித்ததற்குக் கடையும் ஒரு காரணம். ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முற்றாக முடிவுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும், அல்லது நினைவிருக்காது, உங்களுக்குச் சொந்த வீடு. எங்கள் வாடகை ஒரே மூச்சில் ஏறியது. கட்ட முடியவில்லை. தீவை விட்டு அக்கரைக்கு மாறினோம். எட்டு வருஷம் கழித்து யுனெஸ்கோ வந்து அந்த வட்டாரத்தையே பாரம்பரியம் என்று அறிவித்தது. மகிழ்ச்சி. தாத்தாவின் மெஷின் நின்ற இடத்தில் இப்போது சுற்றுலாப் பயணிகள் காப்பி குடிக்கிறார்கள். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்து 2016இல் தமிழ்க்கல்விக்கு இருநூறு ஆண்டு கொண்டாடினோம் அல்லவா? நான் போன கூட்டங்களில் எல்லாரையும் பாராட்டினார்கள். இருநூறு வருஷமும் பிள்ளைகள் வெறுங்காற்றையா புரட்டிப் படித்தார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

இப்போது டெலிகிராம் தொண்டர்கள். எங்கள் நான்காம் ஆண்டுத் தமிழ்மொழிப் பயிற்சி நூல், அட்டை முதல் அட்டை வரை, ஒரு குழுவில் பிடிஎப். பக்க ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்கூடத் தெரிகிறது. மேலே ஒரு வரி: “தமிழுக்கு என்னால் முடிந்த தொண்டு.” 1987ஆம் ஆண்டிலேயே பதிப்புரிமைச் சட்டம் இயற்றிய நாடு இது. எடுத்துவிடுங்கள் என்று தன்மையாகத்தான் கேட்டேன். இரண்டு கைகள் கும்பிடும் படம் ஒன்று வந்தது, பிடிஎப் அங்கேயே இருக்கிறது. நாங்கள் விற்றால் வியாபாரி, அவர் திருடிக் கொடுத்தால் தொண்டர். உங்கள் மேடையில் அவரைத்தானே அடுத்து உட்கார வைக்கப் போகிறீர்கள்?

அடுத்த கேள்வியும் வரும், தெரியும். “உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளி?” என் மகள் தமிழ்ப்பள்ளி. அண்ணன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியியலாளர், அவர் பிள்ளைகள் சீனப்பள்ளி. பக்கத்தில் அதுதான் இருந்தது என்பார். மூன்று கிலோமீட்டரில் தமிழ்ப்பள்ளி இருந்தது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அண்ணனைக் கேளுங்கள்.

அப்பா அந்தக் காணொலியை இரண்டு முறை பார்த்தார். “நம்மளையா சொல்றாரு?” என்றார். “இல்லப்பா, பொதுவா சொல்றாரு” என்றேன். எழுபது வயதுக்குப் பிறகும் தினமும் ராத்திரி மெய்ப்பு பார்க்க உட்காருகிறவர். அன்று உட்காரவில்லை, கண் எரிகிறது என்றார்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். பேசியவரே, உங்களுடைய முதல் கவிதைத் தொகுப்பு எங்கள் அச்சகத்தில்தான் வந்தது. பாக்கி எவ்வளவு என்று எழுதமாட்டேன், அப்பாவுக்குப் பிடிக்காது. அச்சடித்தவற்றில் 112 பிரதிகளை நீங்கள் எடுத்துப் போகவே இல்லை. கடை மாறியபோது அவையும் எங்களோடு கடல் தாண்டின. கிடங்கு மாறியபோது மறுபடி தூக்கினோம். கறையான் வந்த வருஷம் வெயிலில் காயவைத்துத் திரும்பக் கட்டினோம். எங்கள் சொந்தப் புத்தகம் மூவாயிரத்தை லோரியில் ஏற்றிய அன்று, ஏற்றுகிற பையன் உங்கள் கட்டையும் தூக்கப் போனான். “அதை வை. கவிதையை எடைக்குப் போடக் கூடாது” என்றார் அப்பா.

புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. சனிக்கிழமை ஒரு மணி வரை திறந்திருப்போம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா இருக்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள்.