விதைக்காமல் விட்ட நாலு சால்

புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்தபோது இரண்டு சாலுக்கு நடுவே ஒரு சால் தட்டைப்பயறு போட்டேன். காட்டின் ஓரத்துக்கு வரும்போது பயறு விதை தீர்ந்துவிட்டது. சரி, இருக்கட்டும் என்று கடைசி நாலு சாலை அப்படியே விட்டுவிட்டேன்.

இருபதாம் நாள் காடு முழுக்க ஒரு களை வெட்டியாயிற்று. நாற்பதாம் நாள் இரண்டாம் களைக்கு ஆள் வந்தது. கொத்தோடு இறங்கிய அக்கா பயிருக்குள் நாலடி போய் நின்று, "இங்க கொத்தறதுக்கு என்னங்க தம்பி இருக்குது?" என்றார். குனிந்து தட்டை இலையை விலக்கிப் பார்த்தேன். மண் குளிர்ச்சியாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாரணை, நூல் மாதிரி வெளுத்து, இரண்டு இலையோடு நின்றுபோயிருந்தது. விதைக்காத நாலு சாலில் அதே சாரணை பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடந்தது. பார்த்தீனியம் முழங்கால் உயரம். மண்ணும் தண்ணீரும் ஒன்றுதான். அன்றைக்கு ஆட்களுக்கு வேலை இருந்தது அந்த நாலு சாலில் மட்டும்தான்.

பொடி விதைக் களைகளில் பலவும் வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மக்காச்சோளத்துக்குச் சாலுக்குச் சால் இரண்டடி விடுகிறோம். முதல் ஒரு மாதம் அந்த இரண்டடியும் வெயிலில் கிடக்கிறது. நாம் எதுவும் விதைக்காவிட்டால் சாரணை விதைத்துக்கொள்கிறது.

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் இது ஒன்றும் புதிது இல்லை. எங்கள் அப்பாரு சோளத்தோடு தட்டை, கொள்ளு என்று கலந்துதான் விதைப்பார். சோளத்தின் வேரில் ஊறும் கசிவே சில களைகளை முளைக்க விடாது. சோள வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களையைத் தட்டை ஏமாற்றும்: பயற்றின் வேர் வாசத்துக்குச் சுடுமல்லி விதை முளைக்கும், ஒட்ட இடம் கிடைக்காமல் செத்துப்போகும்.

இதையெல்லாம் விட்டது எப்போது? அட்ரசின் என்ற களைக்கொல்லி மருந்து வந்தபோது. விதைத்த சில நாளில் அதை அடித்தால் மக்காச்சோளம் தாங்கும், பயறு தாங்காது. மருந்துக்காகப் பயற்றை விட்டோம். பயறு போனதால் மருந்தை விட முடியவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

கேரளத்தில் 2019ல் கிளைஃபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியின் விற்பனையைத் தடை செய்தார்கள். எங்களுக்குத் தமிழ்நாடு கூப்பிடு தூரம், தடை மட்டும் என்ன செய்யும்? அதோடு இது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊர். இரண்டு வருஷம் முன்பு ஆடியில் பக்கத்துக் காட்டில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து என் தக்காளிச் செடியின் இலையெல்லாம் முறுக்கிக்கொண்டது. அந்தப் போகமே போயிற்று.

ஊடுபயிர் போட்டால் களையே வராது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் களை கட்டாயம் வெட்ட வேண்டும். கோரை நிழலில் சோர்ந்துபோகும், ஆனால் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். கொடி ஓடுகிற தட்டையைப் போட்டால் மக்காச்சோளத்தில் ஏறி அமுக்கிவிடும். குத்துச்செடி ரகம்தான் சரி. அப்புறம், மக்காச்சோளத்தையும் தட்டையையும் ஒரே சாலில் போடாதீர்கள்.

ஊர் வேளாண்மை அலுவலகமான கிருஷி பவனில் மக்காச்சோளம், காய்கறி என்று விதை கேட்கிறோம். ஊடுபயிருக்கான குத்துத்தட்டை விதையும் விதைப்புக்கு முன்பே வேண்டும் என்று கிராம சபையில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். எல்லாரும் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும்.

பச்சைக்காய் பறித்தது போக மிச்சத்தை நெற்றாக விட்டு, சாம்பல் புரட்டி வைத்திருக்கிறேன். நாலு சாலுக்கும் சேர்த்து எடுத்தது போக இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கலாம். வேண்டியவர்கள் மாசிக்குள் வீட்டுக்கு வாருங்கள்.