நாகர்கோவிலில் ராஜா காலத்து ஸ்டேஷன் எதுவும் இருந்ததில்லை

அண்ணாச்சி, "திருவிதாங்கூர் ராஜா காலத்திலேயே நாகர்கோவிலுக்கு ரயில் ஓடியது, 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது சரியல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு முதல் பயணிகள் ரயில் வந்ததே 1979 ஏப்ரலில்தான், திருவனந்தபுரம் வழியாக. திருநெல்வேலிப் பாதை 1981-ல் திறந்தது. இல்லாத ஸ்டேஷனை யார் மூட முடியும்?

மூடப்பட்ட ஸ்டேஷன் ஒன்று உண்டு. அது திருவனந்தபுரத்தின் சாக்கை. கொல்லத்திலிருந்து வந்த மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) பாதை 1918-ல் அங்கேதான் முடிந்தது. 1931-ல் இப்போதைய சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூர் வரை நீட்டியதும் சாக்கைக்கு வேலையில்லாமல் போனது. மூடியது ராஜா ஆட்சியில், மாநிலப் பிரிவினைக்கு 25 வருடம் முன்பு. இரண்டு கதையும் கலந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

தண்டவாளமே சாட்சி சொல்லும். அந்தக் காலத்தில் திருவனந்தபுரம், திருநெல்வேலி இரண்டுமே மீட்டர் கேஜ். நாகர்கோவிலுக்கு அப்போதே பாதை வந்திருந்தால் அதுவும் மீட்டர் கேஜாகத்தான் இருந்திருக்கும், பிறகு அகலப்படுத்தியிருப்பார்கள். ஆனால் இரணியல், குழித்துறை வழிப் பாதையைத் தொடக்கத்திலேயே பிராட் கேஜாகத்தான் (அகலப் பாதை) போட்டார்கள். அதுவரை மெட்ராஸ் போக வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி பஸ்ஸில் திருநெல்வேலி போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நமக்கு ரயில் தாமதமாக வந்தது என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. அதைச் சொல்ல 1979 என்ற வருடமே போதும். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள், பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்தில் எழுதிவிடப் போகிறார்கள்.