ஏழு கறி சாப்பிட்டுவிட்டு ‘விவசாயம் செத்துப்போச்சு’ என்றவருக்கு

ஞாயிற்றுக்கிழமை இங்கே மொரீஷியஸில் எங்கள் கோவில் அன்னதானத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

வாழையிலையில் ஏழு கறியையும் (எல்லாம் காய்கறிதான்) வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவுவதற்குள் அந்தப் பெரியவர், “விவசாயம் செத்துப்போச்சு தம்பி, நிலத்தை மனை மனையாப் பிரிச்சு மொர்செல்மான் போட்டு வித்துட்டு நிம்மதியா இரு” என்றார். பந்தியே சிரித்தது. உங்கள் இலையில் இருந்த பூசணி எங்கே காய்த்தது ஐயா என்று கேட்டிருக்கலாம். வயதுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன்.

கரும்பு நொடித்தது எனக்குத் தெரியாதா? நம் சர்க்கரையை வாங்கிவந்த ஐரோப்பா 2006இலிருந்து அதன் விலையைப் படிப்படியாக 36 சதவீதம் இறக்கியது. 2009இல், உத்தரவாத விலைக்கு வாங்கும் பழைய ஒப்பந்தமே முடிந்தது. கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் நொடித்தது கரும்பு, மண் இல்லை. அப்பா கரும்பைத் தோண்டி எறிந்துவிட்டுக் கத்தரி போட்டார். கான்கிரீட்டைத் தோண்டி எறிந்துவிட்டு நீங்கள் என்ன போடுவீர்கள்? பக்கத்து மாநிலத்திலிருந்து காய் வரும் என்று சொல்ல நமக்கு என்ன இருக்கிறது, சுற்றிலும் கடல்தானே?

“அப்போ வீடு வேண்டாமா?” என்று ஒருவர் வருவார். வேண்டும். நம் பிள்ளைகளுக்கா கட்டுகிறார்கள்? 3,75,000 டாலருக்கு வில்லா வாங்கும் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு உரிமை என்று 2020இல் வாசலைத் திறந்தோம். அந்த விலைக்கு எந்த வாத்தியார் பிள்ளை வாங்கும்? விளம்பரத்தில் ‘கரும்புத் தோட்டத்தைப் பார்த்த வீடு’ என்று வேறு! அழித்தது போக மிச்சம் இருப்பது வேடிக்கை பார்க்க.

வயலுக்கு இளைஞர்கள் வருவதில்லை என்பீர்கள். உண்மைதான். சரி, அதை விடுங்கள்.

2024 ஜனவரியில் பெலால் புயலன்று தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்தபோது எல்லோரும் வடிகாலைத் திட்டினீர்கள். தண்ணீரைக் குடிக்க மேலே மண்ணை விட்டுவைத்தோமா?

எனக்கு வலிப்பது வேறு. 2020 மார்ச் ஊரடங்கில் சூப்பர்மார்க்கெட்டை எல்லாம் மூடினார்கள். திறந்தபோதும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி வாரத்துக்கு இரண்டே நாள். அந்த நாட்களில் எங்கள் தெரு சாப்பிட்டது அப்பாவின் முக்கால் ஆர்ப்பான் நிலத்தில் (ஏறக்குறைய முக்கால் ஏக்கர்) விளைந்த கத்தரியும் சௌசௌவும் பூசணியும்தான். இதே பெரியவர் வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டு வந்தவனும் நான்தான். ஜன்னலுக்குள்ளிருந்து, “நீ நல்லா இருப்பே தம்பி” என்றார். அன்றைக்கு விவசாயம் உயிரோடு இருந்தது போலிருக்கிறது.

கீழே யாராவது வந்து எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அண்ணன் அந்த நிலத்தில் பாதியை விற்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். என் பங்கில்தான் வீட்டுக்கு மாடி எழுந்தது. காலையில் அந்த மாடியில் நின்றால் மீதிப் பாதி தெரியும், அதனால் அங்கே அதிகம் நிற்பதில்லை. அதை விற்கப்போவதில்லை. தரகர் நம்பரை இன்பாக்ஸில் அனுப்பாதீர்கள்.

அடுத்த அன்னதானத்துக்குப் பூசணி தருவதாகச் சொல்லியிருந்தேன். தருவேன், கவலைப்படாதீர்கள்.