ஹன்ட்ஹவுசன் பதவி நீக்கப்படவில்லை

வரி கட்ட மறுத்ததற்காக அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கத்தோலிக்கப் பேராயர் ரேமண்ட் ஹன்ட்ஹவுசனை வத்திக்கான் பதவியிலிருந்து நீக்கியது என்று இங்கே ஒரு தகவல் சுற்றுகிறது. அப்படி நடக்கவில்லைங்க. அணு ஆயுதங்களை எதிர்த்து 1982-இல் வருமான வரியில் பாதியை அவர் கட்டாமல் நிறுத்தியது உண்மைதான். அப்புறம் வத்திக்கான் விசாரணை வந்தது. திருவழிபாடு, திருமண வழக்குகள், குருமாணவர் பயிற்சி உள்ளிட்ட சில பொறுப்புகள் துணை ஆயர் டொனால்ட் வூர்லிடம் போனது 1986-இல் வெளியே தெரிந்து பெரிய சலசலப்பானது. அப்போதும் பேராயர் ஹன்ட்ஹவுசன்தான். 1987 மே மாதம் அதிகாரம் திரும்பக் கிடைத்தது; 1991-இல் ஓய்வு பெற்றார். சந்தேகம் இருந்தால் சியாட்டில் உயர் மறைமாவட்டப் பேராயர்களின் பட்டியலைப் பாருங்கள்: அவர் பெயருக்கு நேரே 1975–1991 என்றிருக்கும். அதிகாரம் திரும்பிய செய்தி, அந்த மாதத்து அமெரிக்க நாளிதழ்களின் பழைய பக்கங்களில் கிடைக்கும்.