லைசென்ஸ் இல்லாத கை

ஓசூரில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். ஒருவன் பென்னாகரம், ஒருவன் காவேரிப்பட்டணம், நான் நல்லம்பள்ளிப் பக்கம். ஷிப்டு மாறி மாறி வருவதால் மூவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே அபூர்வம். அப்படி அமைந்த போன ஞாயிற்றுக்கிழமை இரவு, அடுப்பில் உலை கொதித்து வற்றுகிற வரை ஓர் அனிமேவுக்காக, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடருக்காக, சண்டை போட்டோம். அந்தச் சண்டை தீரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மை ஹீரோ அகாடமியாவின் கிளைக்கதையான 'விஜிலாண்டீஸ்' பற்றித்தான் பேச்சு. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அந்த உலகத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு பிறவிச் சக்தி உண்டு. ஆனால் பொது இடத்தில் அதைப் பயன்படுத்தி நாயகன் வேலை பார்க்க அரசு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் தெருவில் இறங்குகிற மூன்று பேரின் கதை இது. மூலக்கதைக்குச் சில ஆண்டுகள் முன்பு, தோக்கியோவின் நருஹாத்தா என்ற பகுதியில் நடக்கிறது. இதன் சித்திரக்கதை வடிவமான மங்கா 2016இல் தொடங்கி 2022இல் பதினைந்து தொகுதிகளோடு முடிந்தது. எழுதியவர் ஹிதேயுக்கி ஃபுருஹாஷி. அனிமேவின் முதல் சீசன் 2025 ஏப்ரலில் வந்தது, பதிமூன்று எபிசோடு. இரண்டாவது 2026 ஜனவரியில் தொடங்கியது. ஜப்பானியத் தலைப்பிலேயே 'இல்லீகல்ஸ்' என்ற சொல் இருக்கிறது. ஒளிவு மறைவே இல்லை.

ரசிகர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு விஷயம். ஒரு கூட்டம் "மெதுவாகப் போகிறது, மலையைப் பிளக்கிற அடி எங்கே" என்று கேட்கிறது. இன்னொரு கூட்டம் மூலக்கதையைவிட இதுதான் உசத்தி என்று சத்தியம் செய்கிறது. சித்திரக்கதைப் புத்தகம்போல் 'டமால்', 'டுமீல்' ஒலிகளைத் திரையில் எழுத்தாகவே வரைந்து காட்டுவதைச் சிலர் ரசிக்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது. மூவரில் ஒருத்தியான பாப் ஸ்டெப் என்ற பெண்ணின் உடையைப் பற்றி எழுந்த முணுமுணுப்பில் மட்டும் நானும் சேர்ந்துகொள்கிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அப்படி ஒரு உடை வரைந்தவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கலாம்.

எங்கள் அறையில் நடந்த சண்டை இவை எதைப் பற்றியும் இல்லை. அந்த மூவரில் மூத்தவரான நக்கிள்டஸ்டர் நல்லவரா, ரவுடியா என்பதுதான் கேள்வி.

சக்தி எதுவும் இல்லாத ஆள் அவர். இரும்புக் கைப்பூண், முரட்டு உடம்பு, அவ்வளவுதான். ட்ரிகர் என்ற போதைப்பொருள் உள்ளே போனால் சக்தி வெறி பிடித்துப் பெருகும், நாக்கு கறுத்துவிடும். இவர் சந்தேகப்பட்டவனை முதலில் குத்துவார், பிறகு நாக்கைப் பார்ப்பார். காவேரிப்பட்டணத்துக்காரனுக்கு அந்தக் காட்சி வந்தாலே எழுந்து நின்று கைதட்ட வேண்டும். "இந்த மாதிரி நாலு பேர் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றான். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நம் எல்லோருக்கும் இந்தக் கைதட்டல் ரத்தத்தில் ஊறியது. நானும் தட்டியவன்தான், மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையின் நாயகன் அவர் இல்லையே. கோய்ச்சி ஹைமவாரி என்ற கல்லூரி மாணவன். அவனுடைய சக்தியைக் கேட்டால் சிரிப்பு வரும்: உடம்பில் குறைந்தது மூன்று இடங்கள் தரையையோ சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால் வழுக்கிக்கொண்டு போவான். தொடக்கத்தில் சைக்கிள் வேகம். அதனால்தான் 'தவழ்வோன்' என்ற பட்டப்பெயர். அந்த உலகத்தின் முதலிடத்து நாயகனான ஆல் மைட் படம் போட்ட ஹூடி ஒன்றை மாட்டிக்கொண்டு இரவில் என்ன செய்கிறான்? தெருவில் குப்பை பொறுக்குகிறான். வழி தெரியாதவருக்கு வழி காட்டுகிறான். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கிறான். ரசிகர்களில் பாதிப் பேர் ஓட்டிவிட்டுப் போகிற காட்சிகள் இவை. எனக்கு முழுக்கதையும் இங்கேதான் இருக்கிறது.

உரிமம் எதற்காக? ஓங்குகிற கைக்காக. நீட்டுகிற கைக்கு எவன் உரிமம் கேட்டான்? இந்தத் தொடர் தொடக்கத்திலிருந்தே இந்த இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. நாம்தான் ஓங்குகிற கையை மட்டும் பார்த்துவிட்டு 'ஆஹா' என்கிறோம்.

கோய்ச்சி ஏன் உரிமம் பெறவில்லை தெரியுமா? நாயகர் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் போகிற வழியில் ஆற்றில் ஒரு சிறுமி தத்தளிப்பதைப் பார்த்துக் குதித்துவிட்டான். தேர்வு போயிற்று. இதைப் பார்த்ததும் பென்னாகரத்துக்காரன் வாய் திறந்தான். அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன். அவனுடைய மாமா ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறவர். பரிசல் ஓட்ட அங்கே அனுமதி வேண்டும். காவிரியில் தண்ணீர் கூடினால் நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும், யாரும் துறையில் இறங்கக் கூடாது. "ஆனால் ஆள் அடித்துக்கொண்டு போகும்போது எங்கள் மாமா சட்டைப்பையைத் தடவி அட்டை இருக்கிறதா என்றா பார்ப்பார்? எண்ணெய் தேய்த்து விடுகிறவர், மீன் வறுக்கிறவர், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்தான் முதலில் குதிப்பார்கள்" என்றான். அதோடு மறுபடி வெங்காயத்துக்குப் போய்விட்டான்.

எனக்கு ஆறு தூரம். எனக்குத் தெரிந்தது தொப்பூர் கணவாய்.

அந்தச் சாலையில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது நெடுந்தூரம் இறக்கம், வளைவுகள். பெங்களூரு பக்கத்திலிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவார்கள். வண்டியின் எடை முழுவதும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறும், ஒரு கட்டத்தில் பிடிக்காது. அப்புறம் முன்னால் போகிற காரோ பஸ்ஸோதான் தடுப்புச் சுவர்.

என் அப்பா பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றும் மினி லாரி ஓட்டினார். 2009இல், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அந்த இறக்கத்தில் ஒரு லாரி அவர் கண்ணெதிரே கவிழ்ந்தது. கிளீனர் உள்ளே மாட்டிக்கொண்டார். அப்பா இருக்கைக்குக் கீழே வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக் கதவை நெம்பி, ஆளை இழுத்து, தக்காளிப் பெட்டிகளின் மேல் படுதாவை விரித்துக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆள் பிழைத்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னார்கள், உறவினர் இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிறகு வாக்குமூலம். பிறகு கோர்ட்டில் சாட்சி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் பிழைப்பு போகும்; போனால் "அடுத்த மாதம் வாருங்கள்" என்பார்கள். ஏழு முறை அலைந்தார். அன்றைய தக்காளி அழுகியதற்கு மண்டிக்காரர் வாடகையைப் பிடித்துக்கொண்டார். "இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுங்கள்" என்று அம்மா அழுதார். கண்ணை மூடிக்கொண்டு தொப்பூரில் எப்படி ஓட்டுவது என்று அப்பா கேட்டார். வீட்டில் அன்றைக்கு அது ஒன்றுதான் சிரிப்பு.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்ற பிரிவே வந்துவிட்டது. உதவியவர் விரும்பாவிட்டால் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டம் ஏற்கிறது. ஆக, நீட்டுகிற கைக்கு உரிமம் கேட்ட முட்டாள்தனத்தை நாடே ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டது. என் அப்பாவுக்குப் பத்து வருடம் தாமதமாக.

காவேரிப்பட்டணத்துக்காரன் இதைக் கேட்டதும் துள்ளினான். "பார்த்தாயா, சட்டம் எப்போதும் பின்னால்தான் வரும். நக்கிள்டஸ்டர் செய்வது சரிதான்" என்றான். இல்லை, அங்கேதான் அவன் வழுக்கினான். அதுவும் சைக்கிள் வேகத்தில் இல்லை.

2018ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் வழி விசாரித்துக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாளை அடித்தே கொன்றார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவிலும் இரவில் ஆண்கள் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது. பழைய பாத்திரம் வாங்க வந்த ஒருவரை நிறுத்தி, பையைக் கொட்டி, ஊர் பேர் விசாரித்தோம். அவர் அடி வாங்காமல் போனது எங்கள் நல்ல குணத்தால் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரு டீக்கடைக்காரர் அந்த நேரம் பார்த்து வந்ததால். முதலில் குத்து, பிறகு நாக்கைப் பார் என்பது திரையில்தான் சிரிப்பு.

சட்டம் சாதாரண ஆளுக்குக் கையே கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணெதிரே பெருங்குற்றம் செய்பவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிடிக்கலாம், அவ்வளவுதான். நாக்கைப் பார்க்க அதில் இடம் இல்லை.

இந்தத் தொடர் எழுதியவருக்கும் இது தெரிந்தே இருக்கிறது. ஸ்டெந்தால் என்ற வாள்வீரனை ஏன் உள்ளே கொண்டுவருகிறார்? (முதல் சீசன் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அவனும் உரிமம் இல்லாதவன், அவனும் கெட்டவர்களைத்தான் தேடுகிறான். ஆனால் கொல்கிறான். அவனை எதிர்த்து நிற்பவர் நம் கைப்பூண் கிழவரேதான். இந்த ஸ்டெந்தால்தான் பின்னாளில் மூலக்கதையில் ஸ்டெயின் ஆகி, உரிமம் பெற்ற நாயகர்களையே வேட்டையாடுகிறான், அதுவும் எந்த ஊரில்? ஹோசு என்ற நகரத்தில். ஓசூர்க்காரர்கள் எங்களுக்கு அந்தக் காலத்தில் இது பெரிய கேலி. "உங்கள் ஊரில் ஸ்டெயின் நடமாடுகிறானாமே" என்று கல்லூரி நண்பர்கள் கேட்பார்கள். அந்த ஹோசுவில் அவனோடு சண்டை போட்டு மூன்று மாணவர்கள் பிழைக்கிறார்கள். மறுநாள் நாய் முகம் கொண்ட போலீஸ் தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "அனுமதி இல்லாமல் சக்தியால் ஒருவரைக் காயப்படுத்தியது குற்றம்" என்கிறார். பிறகு பெருமை முழுவதையும் உரிமம் உள்ள ஒருவர் கணக்கில் எழுதிவிட்டு, தனியாகத் தலை குனிந்து நன்றி சொல்கிறார். சட்டத்தையும் விடாமல், நன்றியையும் விடாமல் இப்படி ஒரு காட்சி எழுத எனக்குத் தெரிந்து நிறைய பேரால் முடியாது.

நாய் என்றதும் ஒரு கிளைக்கதை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் இறந்துபட, அவனுடைய நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கல்லில் நாயும் வீரனோடு நிற்கிறது. அதற்கு யார் உரிமம் கொடுத்தார்கள்?

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் இப்படிக் கற்கள் நிறைய. வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் வைக்கிறோம். எங்கள் ஊர்க் கல்லில் ஒருவன் கையில் வில்லோடு நிற்கிறான். யாருடைய மாட்டை மீட்கப் போய்ச் செத்தான் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. மாட்டை மீட்டுச் செத்தவனுக்கு மட்டும்தான் கல் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லையாம், கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. 'தொறு மீட்டு' என்றும் எழுதியிருக்கிறார்கள், 'தொறுக் கொண்டு' என்றும் எழுதியிருக்கிறார்கள். தொறு என்றால் ஆநிரை. எழுத்து இல்லாத எங்கள் ஊர்க் கல்லில் நிற்பவன் இதில் எந்த வகை? பொங்கல் படைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து போகிறது. படைக்காமல் இருந்ததில்லை.

இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் பதினொன்றாம் வகுப்பு. "சித்தப்பா, மூன்றாவது எபிசோடு வரைக்கும் பார்த்துவிட்டேன்" என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மொழியும் புரியாது, கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் புரியாது. கோய்ச்சி சுவரில் கைகால் பதித்து வழுக்கிக்கொண்டு போனபோது, "இந்தப் பையன் ஏன் தவழ்கிறான்?" என்றார். மூன்று இடம் தொட்டால்தான் ஓடும் என்று விளக்கினேன். தேர்வைத் தவறவிட்ட கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவர், "அப்புறம் லைசென்ஸ் எடுத்தானா, இல்லையா?" என்று கேட்டார்.

மங்காவைக் கடைசிவரை படித்தவன் நான். பதில் தெரியும். ஆனால் பக்கத்தில் பையன் இருந்தான். சொன்னால் ஒரு வாரம் பேச மாட்டான். "பார்த்துக்கொண்டே வாருங்கள் அப்பா" என்றேன்.

"சரி, அடுத்ததைப் போடு" என்றார்.