எல்லாம் கட்டணத்தில் அடக்கமாம்!

உல்லாசக் கப்பல் பயணத்தை விற்பவர்கள் தம்பதிகளைத்தான் குறிவைக்கிறார்கள். விளம்பரப் படத்தில் எப்போதும் இருவர் மட்டுமே இருப்பார்கள். ஆள் அரவமற்ற மேல்தளத்தில் கம்பியில் சாய்ந்தபடி சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, கேளிக்கை, ஊருக்கு ஊர் பயணம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பி நானும் என் கணவரும் மத்தியதரைக் கடலில் ஒரு பயணம் போய்வந்தோம். வந்து இத்தனை நாளாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன்.

முதலில் பான விவகாரம். தண்ணீர், சாதாரணக் காபி, தேநீர் ஆகியவை இலவசம். ஒரு குளிர்பானம் வேண்டுமென்றாலும் தனிக் காசு. இந்தத் தொல்லையை உண்டாக்கியவர்களே அதற்குத் தீர்வாக 'பானத் தொகுப்பு' என்று ஒன்றையும் விற்கிறார்கள். நாளொன்றுக்கு இவ்வளவு என்று பயண நாள் முழுவதற்கும் சேர்த்துத்தான் அதை வாங்க வேண்டும்; காலையில் துறைமுகத்தில் இறங்கி மாலைவரை கரையில் சுற்றினாலும் அந்த நாளுக்கும் கட்டணம் உண்டு. என் கணவர் எப்போதாவது மாலையில் ஒரு பீர் குடிப்பவர், நான் மதுவைத் தொடுவதே இல்லை. ஆனால் ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் மதுத் தொகுப்பை வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டும் என்பது பல நிறுவனங்களில் உள்ள விதி. ஒருவர் வாங்கிய கோப்பையை இன்னொருவர் குடித்துவிடுவாராம், அதைத் தடுக்கத்தானாம்! கணவன் மனைவி என்றால் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கான அபராதத்தைக் குடிக்காதவளிடமிருந்து வசூலிப்பதற்குத் தேன்நிலவுச் சலுகை என்று பெயர் வைக்காததுதான் குறை.

தொகுப்பே வேண்டாம் என்று தனித்தனியாக வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துக்கு ஒரு சீட்டு வந்தது. அதில் பானத்தின் விலை, அதன் கீழே 18 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்குக் கீழே மொத்தத் தொகை, அதற்கும் கீழே 'கூடுதல் அன்பளிப்பு' என்று எழுதி ஒரு வெற்றுக் கோடு. சேவைக்கான காசைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு, அதே சீட்டில், இரண்டு வரி தள்ளி, இன்னொரு முறை கையேந்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? பரிமாறிய இளைஞர் பக்கத்திலேயே பேனாவோடு நிற்கிறார் என்பதால் அந்தக் கோட்டை வெறுமையாக விடுவதற்கும் மனம் வருவதில்லை. அந்தக் கூச்சத்தைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

இது போதாதென்று, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்கான அன்பளிப்பு நம் கணக்கில் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். ஊழியர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மாதக்கணக்கில் வீட்டைவிட்டுப் பிரிந்து, வாரத்தின் ஏழு நாளும் வேலை செய்பவர்கள் அவர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்றுதான் சொல்கிறது, மிச்சம் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கோபம் எல்லாம் நிறுவனத்தின் மீதுதான். ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைப் பயணச் சீட்டின் விலையிலேயே சேர்த்துவிட்டால் விளம்பரத்தில் தொகை பெரிதாகத் தெரியுமே என்பதற்காக, அதை 'அன்பளிப்பு' என்று பிரித்து நம் தலையில் கட்டுகிறார்கள். அதைக் கேள்வி கேட்டால், அறையைத் துடைத்துச் சுத்தம் செய்யும் மனிதரின் வயிற்றில் அடிப்பவர்களைப் போல நம்மைப் பார்க்க வைக்கிறார்கள். பயணம் முடியும் தறுவாயில் எங்கள் அறை ஊழியர் தயங்கித் தயங்கி வந்து, கருத்துப் படிவத்தில் பத்துக்குப் பத்து போடும்படியும், ஒன்பது போட்டால்கூட மேலாளர் விளக்கம் கேட்பார் என்றும் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துறைமுகங்களின் கதை இதைவிடக் கொடுமை. பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று போட்டிருந்தது. கப்பல் நின்றதோ சிவிடாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் நகரம் 70 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 'ஃப்ளாரன்ஸ்' என்று போட்டிருந்த நாளில் லிவோர்னோவில் இறக்கிவிட்டார்கள். அதுவும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். இவர்கள் போவார்கள்: ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் போனால் லெ ஆவ்ர் துறைமுகத்தைப் பாரிஸ் என்றும், பால்டிக் கரையில் வார்னமுண்டேயைப் பெர்லின் என்றும் விற்கிறார்கள், இரண்டுமே அந்தந்த நகரங்களிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம். கரையில் நிற்கும் நேரமோ சில மணி நேரம்தான். கப்பல் புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே ஏறிவிட வேண்டும். போகவர ஆகும் நேரத்தைக் கழித்தால், அந்த மாநகரத்தைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்க்கத்தான் பொழுது இருக்கிறது. தாங்களாகவே போகிறவர்களுக்கு ஒரு மிரட்டலும் உண்டு: எங்கள் சுற்றுலாவில் வந்தால் பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அந்தப் பயத்தில்தான் அவர்களுடைய சுற்றுலா விற்பனையாகிறது. பயணக் கட்டணத்தில் 'ரோம்' அடக்கம். ரோமுக்குப் போவது அடக்கமில்லை.

இதிலும், நாங்கள் இருவரும் பெரிதும் ஆசைப்பட்டது கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவைப் பார்க்கத்தான். அங்கே பெரிய கப்பல்கள் கரையணைய முடியாது. நீரிலேயே நிறுத்திவிட்டுப் பயணிகளைச் சிறு படகுகளில் கொண்டுபோவார்கள். அன்று காலையில் காற்று பலமாக இருப்பதால் படகு விட முடியாது என்று கேப்டன் அறிவித்தார். காற்றை யாரும் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பு விஷயத்தில் கேப்டன் எடுக்கும் முடிவை நான் எதிர்க்கவும் மாட்டேன். பிறகு நடந்ததுதான் எரிச்சல். எந்தத் துறைமுகத்தையும் எந்த நேரத்திலும் விட்டுவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று பயணச் சீட்டின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதாம். துறைமுக வரியை மட்டும் திருப்பித் தருவார்களாம். கப்பலில் உள்ள வரியில்லாக் கடைகளும் சூதாட்டக் கூடமும் துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாக மூடியிருக்கும், நடுக்கடலில்தான் திறக்கும். ஆக, எங்களுக்குத் தீவு பறிபோன அந்த நாள் அவர்களுக்கு ஒரு கூடுதல் விற்பனை நாள்! அறிவிப்பு வந்து சிறிது நேரத்திலேயே கைக்கடிகாரத் தள்ளுபடி, ஓவிய ஏலம், அழகு நிலையச் சலுகை என்று ஒலிபெருக்கி அலறத் தொடங்கிவிட்டது.

சரி, மேல்தளத்திலாவது இருவரும் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம் என்று போனோம். 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் 7,600 பயணிகள் வரை ஏற்றக்கூடியது. எங்கள் கப்பல் அவ்வளவு பெரியதில்லை என்றாலும் திருவிழாக் கூட்டத்துக்குக் குறைவில்லை. விடிவதற்கு முன்பே வந்து, ஒவ்வொரு சாய்வு நாற்காலியிலும் ஒரு துண்டையும் ஒரு செருப்பையும் வைத்துவிட்டுக் காணாமல் போகும் ஒரு கூட்டம் இருக்கிறது. அரை மணி நேரம் ஆளில்லாவிட்டால் துண்டை எடுத்துவிடுவோம் என்று பலகை இருக்கிறது, எடுக்கத்தான் எவரும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி எங்களுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. அறைக்குப் போனால் இரட்டைக் கட்டில் என்று சொல்லி இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப்போட்டிருந்தார்கள். கப்பல் ஆடும்போதெல்லாம் நடுவில் இருந்த இடைவெளி விரிந்து, என் தலையணை அதற்குள் போய்விடும்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு முன்பு பாதுகாப்புப் பயிற்சியைக் கண்டிப்பாக நடத்தினார்கள். 2012 ஜனவரி 13 அன்று 'கோஸ்டா கன்கார்டியா' என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். அதற்கும் காசு கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசி இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டுக் கணக்கு விவரத்தைக் கையில் கொடுத்தார்கள். நாங்கள் வாங்காத ஒரு புகைப்படத்துக்கும் என் கணவர் அருந்தாத இரண்டு பானங்களுக்கும் அதில் தொகை இருந்தது. வரவேற்பு மேசையின் முன் நின்ற வரிசை மாடிப்படி வரைக்கும் நீண்டிருந்தது. அத்தனை பேர் கையிலும் அதே மாதிரித் தாள். நள்ளிரவு நெருங்கும்போது எங்கள் முறை வந்தது, மன்னிப்புக் கேட்டார்கள், நீக்கிவிட்டதாகவும் சொன்னார்கள். பக்கத்து மேசையில், அடுத்த பயணத்துக்கு இப்போதே முன்பணம் கட்டினால் சலுகை என்று ஒருவர் புன்னகையோடு அழைத்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிக் கடன் அட்டை அறிக்கையைத் திறந்து பார்த்தால், புகைப்படத் தொகை மட்டும் போயிருந்தது. அந்த இரண்டு பானங்களும் 18 சதவீதச் சேவைக் கட்டணத்தோடு அப்படியே இருந்தன. மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வந்த ஒரே பதில், எங்கள் கருத்து அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்பதுதான்.